ஐயா கட்டுப் போட்ட சொண்டு

வாய்க்காலில் முதல் தண்ணீர் இறங்கும்போது காய்ந்த மண்ணிலிருந்து ஒரு சூடான மணம் கிளம்புமே, அதோடுதான் எங்கள் வீட்டில் சிறுபோகம் என்னும் கோடை நெல் விதைப்பு தொடங்கும். பிள்ளைகளே, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி பெற்ற புதிது அது. வெங்காயமும் புகையிலையும் அறிந்த என் ஐயாவுக்கு வயலும் புதிது, வயலில் இறங்கும் பறவைகளும் புதிது.

ஒருநாள் எங்கள் நாய் கவ்விய பெரிய நாரையொன்றை ஐயா மீட்டு வந்தார். சிறகில் சிறு காயம்தான். ஆனால் அதன் 'சொண்டு', அதாவது அலகு, மூடியிருந்தபோதும் நடுவில் பென்சில் நுழையுமளவு இடைவெளி தெரிந்தது.

"நாய் கடிச்சுச் சொண்டு வளைஞ்சு போச்சு" என்று இரங்கிய ஐயா, ஆட்டுக்குட்டியின் முறிந்த காலுக்குச் செய்வதுபோல, பனை ஈர்க்கு வைத்துச் சேலைக் கிழிசலால் அதை இறுக்கிக் கட்டிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எப்ப பரியாரியானனீங்கள்?" என்று, நாட்டு வைத்தியரிடம் கேட்பதுபோல் கேட்டா அம்மா.

"சிரியும், சிரியும். சொண்டு பொருந்தட்டும், அப்ப பாரும்."

சொண்டு பொருந்தவில்லை. அம்மா கரண்டியால் விட்ட கஞ்சியெல்லாம் அந்த இடைவெளியால் ஒழுகிப் போனது. மறுநாள் நாரை தலையைத் தொங்கப்போட்டது. செத்துவிடுமோ என்று அக்கா சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே இருந்தாள். அடுத்த காலை, தண்ணீர் அள்ளப் போனவள் வெறுங்குடத்தோடு ஓடி வந்தாள்.

"ஐயா, ஓடியாங்கோ! வாய்க்காலடியில நிக்கிற எல்லாத்துக்கும் சொண்டு உடைஞ்சு கிடக்கு!"

ஐயா போய்ப் பார்த்தார். அதே மாதிரி நாரைகள், ஒவ்வொன்றின் அலகிலும் அதே இடைவெளி, சேற்றில் நத்தை தேடிக்கொண்டு நின்றன. திரும்பி வந்து கட்டை அவிழ்த்து, ஒரு நத்தையை முன்னால் வைத்தார். நாரை அதைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு மேலலகால் தரையோடு அழுத்தி, கீழலகு நுனியை உள்ளே செலுத்தி, ஓட்டை உடைக்காமலே சதையை இழுத்து விழுங்கியது.

"உங்கட வைத்தியத்துக்குத் தப்பிப் பிழைச்சிட்டுது" என்றா அம்மா. ஐயாதான் முதலில் சிரித்தார்.

சிறகு ஆறியதும் அது பறந்துவிட்டது. அதன்பின் எந்தப் பறவையைக் கண்டாலும் நாங்கள் சொண்டைத்தான் பார்ப்போம். கிளிக்கு விதை உடைக்க வளைந்த கொக்கி, கொக்குக்கு மீன் பிடிக்க நீண்ட ஈட்டி, இந்த நாரைக்கோ வழுக்கும் நத்தையைக் கையாள அந்த இடைவெளி. எத்தனையோ தலைமுறையாய் உண்ட உணவுதான் அவற்றின் வாயை அப்படி வடித்திருக்கிறது.

இன்று அந்த வாய்க்காலுக்குச் சீமெந்து பூசியாயிற்று. வயலுக்கு மருந்தடிப்பதால் நத்தைகளும் அருகிவிட்டன. ஆனால் போன மாரியில், மருந்தடிக்காமல் விட்ட எங்கள் மூலைவயலில், துளிகூட உடையாத வெறும் நத்தை ஓடுகள் சிதறிக் கிடந்தன. யாரோ வயிறாரச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.