சிடியை விடாத டிரைவும் கனகராஜும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் தூசியைச் சமாளித்துவிடலாம், மின்வெட்டைச் சமாளித்துவிடலாம், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரனைத்தான் சமாளிக்க முடியாது. என்னைப் போலப் பக்கத்து மேஜையைப் பார்த்து வயிறெரிந்து மத்தியானச் சோறு இறங்காமல் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் சர்வீஸ் இன்ஜினியர். கையில் பாலிடெக்னிக் டிப்ளமோ, கீழே ஒரு மொபெட், தோளில் ஸ்க்ரூடிரைவர் பை. ஐந்து வருஷம் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் "சாந்தாமணியை அனுப்புங்க" என்றுதான் ஃபோன் வரும். அப்புறம் கனகராஜ் வந்து சேர்ந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். வாய்க்கு வாய் என்னை அக்கா என்பான். அதே சமயத்தில்தான் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றுகிற லினக்ஸும் ஊருக்குள் வந்தது. ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்துக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றினார்கள். ஏற்றிய மறுநாளே எல்லார் வீட்டிலிருந்தும் ஒரே புகார், சிடி டிரைவ் வேலை செய்யவில்லை என்று. எனக்கு லினக்ஸ் தெரியாது. அவனுக்குத் தெரியும். எங்கே படித்தான், எப்போது படித்தான் என்று கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

போதாக்குறைக்கு முதலாளி ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சத்தியமங்கலம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இருபது கம்ப்யூட்டரோடு லினக்ஸ் லேப் வரப்போகிறது, நம் ஆள் ஒருவரை அங்கேயே பொறுப்பாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள், யார் என்று ஆறு மாதத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு அந்த லேப் வேண்டும். சுழல் நாற்காலி வேண்டும், கதவில் என் பெயர் வேண்டும், வெயிலில் மொபெட் மிதிக்கிற பிழைப்பு போதும். இதையெல்லாம்விட அது கனகராஜுக்குக் கிடைக்கக் கூடாது.

பொட்டு வைத்த சிடி

கணபதியில் ஆறுச்சாமி என்பவர் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்தார். அவர் மகள் இன்ஜினியரிங் படித்தாள், பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி வைத்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் ஃபோன் வந்தது, டிரைவுக்குள் இருக்கும் சிடியைக் கம்ப்யூட்டர் படிக்கவே மாட்டேன் என்கிறது என்று. நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன். லினக்ஸ் விவகாரம் என்றால் ஏதோ ஆழமான கோளாறாகத்தான் இருக்கும், அதைக் கண்டுபிடித்துக் கனகராஜின் மூக்கை உடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தெரிந்த கமாண்டு, தெரியாத கமாண்டு எல்லாம் அடித்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மூன்று டம்ளர் டீ குடித்தேன். மத்தியானம் வேறு வழியில்லாமல் மாற்று டிரைவ் ஒன்று கொண்டு வரச் சொல்லிக் கடைக்கு ஃபோன் செய்தேன். வந்தது கனகராஜ்.

வந்தவன் கீபோர்டைத் தொடவே இல்லை. பட்டனை அமுக்கித் தட்டை வெளியே வரவழைத்து, சிடியை எடுத்துத் திருப்பினான். அடிப்பக்கத்தில் காய்ந்து கெட்டியான சந்தனம், அதன் நடுவில் குங்குமம். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, தராசுக்கு எல்லாம் பொட்டு வைத்த ஆறுச்சாமி, சிடிக்கும் வைத்திருக்கிறார். எழுத்து இருக்கிற பக்கம் முதுகு, கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற பக்கம்தான் முன்பக்கம் என்பது அவர் எண்ணம். கனகராஜ் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தான், சிடி படித்தது. சிரிக்கக்கூட இல்லை பாவி. ஆறுச்சாமிதான் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"பொட்டு வெச்சது என் தப்புத்தானுங்க அம்மணி. ஆனாக் காலைல இருந்து நீங்க அந்தச் சிடியத் திருப்பியே பாக்கலீங்களே."

மேட்டுப்பாளையத்துக்கு இரண்டு பஸ்

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த சின்னச்சாமி வீட்டில் டிரைவ் உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. புது டிரைவை எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன். பழைய டிரைவுக்குத் தனியாக ஒரு கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு வீணாக இரண்டு கேபிள் என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் கேபிளிலேயே இதையும் சேர்த்து மாட்டினேன். உள்ளே பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. விண்டோஸில் சிடி போட்டுக் காட்டினேன், ஓடியது. சின்னச்சாமி வீட்டம்மா ஒரு பை நிறையக் கேரட் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் ஃபோன். அவர் மகன் ஏற்றி வைத்திருந்த லினக்ஸில் டிரைவையே காணோமாம். மறுபடியும் போகக் கிளம்பினேன். வழியில் பஸ் பஞ்சராகி, இன்னொரு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து நான் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்திருந்தது. நான் கிளம்பிய பிறகு சின்னச்சாமி எங்கள் கடைக்கு இன்னொரு தடவை பேசியிருக்கிறார், எடுத்தது கனகராஜ். லினக்ஸ் டிரைவைப் பழைய கேபிளிலேயே தேடிக்கொண்டிருக்கும், புது டிரைவை அந்தக் கேபிளுக்கு மாற்றுங்கள் என்று அவன் ஃபோனிலேயே சொல்லியிருக்கிறான். கிழங்கு மூட்டை எடை போடுகிற மனுஷன், ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தானே மாற்றி மாட்டிவிட்டார். எனக்கு மோர் கொடுத்துவிட்டு உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"கனகராஜுத் தம்பி உக்காந்த எடத்துலயே சொல்லிப்போட்டாருங்க. நீங்கதான் பாவம், ரெண்டு பஸ் ஏறி வந்தீங்க."

உக்கடத்தில் ஒரு வெற்றி

அதற்கப்புறம் நான் படிக்க ஆரம்பித்தேன். படிப்பின் மேல் ஆசையில் இல்லை, சுத்தமான பொறாமையில். கடையில் ஓரம் கட்டிவைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் லினக்ஸை ஏற்றினேன், கெடுத்தேன், மறுபடியும் ஏற்றினேன். சிடியை உள்ளே போட்டால் மட்டும் போதாது, மவுண்ட் செய்தால்தான் லினக்ஸ் அதைத் திறந்து காட்டும். வெளியே எடுக்கும் முன் அன்மவுண்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் தட்டு வராது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய ஒரு வாரமும் ஒரு கட்டைவிரல் நகமும் ஆயிற்று.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் பிரேமலதா என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். அங்கே டீச்சர் லாகினில் சிடி திறக்கிறது, பிள்ளைகள் லாகினில் திறக்க மாட்டேன் என்கிறது என்று புகார். கனகராஜ் திருப்பூர் போயிருந்தான். நான் போனேன். லினக்ஸில் சிடியை மவுண்ட் செய்யும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டும்தான் இருக்கும், மற்றவர்களுக்கும் வேண்டுமென்றால் ஒரு ஃபைலில் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சேர்த்தேன். பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்தது. ஐந்தே நிமிஷம். என் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக நான் ஒரு ஸ்க்ரூடிரைவர் பையைத் தோளில் மாட்டியதில்லை. பிரேமலதா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்:

"நல்லாச் செஞ்சுபோட்டீங்க அம்மணி. கனகராஜ் சார் நல்லாவே சொல்லிக் குடுத்திருக்காருங்க."

நோட்டுப் புத்தகம்

கனகராஜ் ஒரு நோட்டு வைத்திருந்தான். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று தினமும் அதில் எழுதுவான். அவனுடைய சூட்சுமம் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு மத்தியானம் அவன் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் அவன் மேஜை டிராயரைத் திறந்தேன். தப்புதான். உங்களில் ஒருத்தர்கூட அப்படிச் செய்ததில்லை என்றால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

முதல் பக்கத்திலேயே அடிக்கோடு போட்டு, 'அக்கா சொன்னவை' என்று தலைப்பு. முதலில் பவர் ஒயரைப் பார். கழற்றும் முன் படம் போட்டு வை. டிரைவ் லென்ஸை விரலால் தொடாதே. வாடிக்கையாளர் சொல்வதை முழுசாகக் கேள். அவன் சேர்ந்த புதிதில் நான் போகிற போக்கில் அதட்டிச் சொன்னவை, வரிசையாக முப்பத்திரண்டு. இதில் பாதியை நானே மறந்துபோய்த்தான் கணபதியிலும் மேட்டுப்பாளையத்திலும் அசடு வழிந்திருக்கிறேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. என் சரக்கு அவன் கையெழுத்தில் இன்னும் அழகாக இருந்தது. நிமிர்ந்தால், வாசலில் அவன், எனக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் டீயோடு. டிராயரையும் நோட்டையும் பார்த்தான், டீயை என் பக்கம் நகர்த்தினான்:

"அதுல ஏதாச்சும் உட்டுப்போயிருந்தாச் சொல்லுங்கக்கா, எழுதிக்கறேன்."

ஒன்பதாவது கம்ப்யூட்டர்

ஆறு மாதம் முடிந்தது. முதலாளி எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போனார். இருபது கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது, பிள்ளைகளுக்கு வேண்டிய மற்ற மென்பொருளைச் சிடியிலிருந்து ஏற்ற வேண்டும். ஆளுக்கொரு சிடி, ஆளுக்குப் பத்து கம்ப்யூட்டர், அதைப் பார்த்துத்தான் லேப் யாருக்கு என்ற முடிவு. துறைத் தலைவர் அந்தியூர்க்காரர், கறாரான மனிதர். எது நடந்தாலும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யக் கூடாது, அது வேலை தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

நான் பறந்தேன். எட்டு முடித்தபோது திரும்பிப் பார்த்தேன், கனகராஜ் ஏழாவதில் நிதானமாக உட்கார்ந்திருந்தான். ஒன்பதாவதையும் முடித்து, அன்மவுண்ட் அடித்தேன். முடியாது, சிடி உபயோகத்தில் இருக்கிறது என்றது திரை. மறுபடியும் அடித்தேன். அதே பதில். பட்டனை அமுக்கினேன், தட்டு வரவில்லை. துறைத் தலைவரும் முதலாளியும் வரிசையின் அந்த முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆஃப் செய்தால் சிடி வந்துவிடும், லேப் போய்விடும். புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, டிரைவின் முகப்பில் இருக்கிற குட்டி ஓட்டையில் விட்டுக் குத்தித் தட்டை இழுத்துவிடலாம் என்று குனிந்தேன். ஓடுகிற டிரைவில் அதைச் செய்யக் கூடாது என்பதும் அந்த முப்பத்திரண்டில் ஒன்று.

"ஊக்கு வேண்டாங்கக்கா" என்று காதருகில் குரல். கனகராஜ் என் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கீபோர்டில் இரண்டு கீயைச் சேர்த்து அமுக்கினான். திரை மாறி, இன்னொரு திரை வந்தது. அதில் என் லாகின். சிடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க அவசரத்தில் நானே இரண்டாவதாக ஒரு லாகின் திறந்து, சிடியின் டைரக்டரிக்குள் போய், வெளியே வராமல் மறந்துவிட்டிருந்தேன். ஒரு லாகின் உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை லினக்ஸ் சிடியை விடாது. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இவ்வளவு நேரமாக டிரைவைத் திட்டியிருக்கிறேன், பிடித்துக்கொண்டிருந்தது நான். அவன் நாலு எழுத்து அடித்து அந்த லாகினை மூடினான், பழைய திரைக்கு வந்தான், ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான். அவர்கள் இருவரும் வந்து நின்றபோது அன்மவுண்ட் அடித்தது நான், பட்டனை அமுக்கியது நான். தட்டு சமர்த்தாக வெளியே வந்தது. பத்தாவதையும் நான்தான் முதலில் முடித்தேன். கனகராஜ் வாயைத் திறக்கவே இல்லை.

லேப் எனக்குக் கிடைத்தது. திரும்பி வரும்போது காரில் அவனுக்கு நன்றி சொல்ல மூன்று தரம் வாயெடுத்தேன், மூன்று தரமும் அடக்கிக்கொண்டேன். மூளைதான் அவனுக்கு என்று விட்டுத் தொலைத்தேன், இந்த நல்ல குணமும் அவனுக்கே இருக்க வேண்டுமா என்று ஆத்திரமாக இருந்தது. புளியம்பட்டி தாண்டும்போது அவன் தூங்கிப்போயிருந்தான், குழந்தை மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை கதவில் என் பெயர் மாட்டியிருந்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். துறைத் தலைவர் உள்ளே வந்து, லேப் சுத்தமாக இருக்கிறது, டிரைவ் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று மனசாரப் பாராட்டினார். கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டார்:

"எல்லாஞ் சரிங்க அம்மணி. அன்னிக்கு உங்க கூட வந்த தம்பி, மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவாருங்களா?"

அவனை ஜெயிப்பதற்காகத்தான் நான் லினக்ஸே படித்தேன், ஜெயித்து முடித்த பிறகுதான் அவன் இந்த ஓட்டத்தில் ஓடவே இல்லை என்று தெரிந்தது, அதற்கும் சேர்த்து இன்றுவரை அவன் மேல் எனக்குப் பொறாமைதான்.