வடிகாலுக்கு மட்டும் தேதி இல்லை

கயல், முகில்... இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாரா வாரம் படிக்கிற மற்ற பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

போன வாரம் பெய்த மழையில், கயல் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். உண்மை அதுவல்ல. வரப்பே தெரியவில்லை. பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா. இன்னும் இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் அழுகிவிடும்.

இந்தப் போகத்தின் மேல் எனக்கு ஒரு கனவு. கலப்பில்லாத விதைநெல் எடுத்து, நம் ஊருக்கே கொடுக்க வேண்டும். திட்டமும் இருந்தது — எப்போது நாற்று விடுவது, எப்போது களை, எப்போது உரம். அன்றாட வேலையிலும் குறையில்லை. விடிந்தால் வயலில் நிற்பேன்.

பிறகு எது மூழ்கடித்தது?

வடிகால். நாம் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வருமா என்பதே நம் கவலை. வாய்க்காலை வெட்டுவோம், வராவிட்டால் ரோட்டில் உட்காருவோம். வந்த தண்ணீர் வெளியே போகும் வழியிலோ வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கும். அதை அள்ளுவதும் என் திட்டத்தில் இருந்ததுதான். களை முடியட்டும், தீபாவளி போகட்டும்... எல்லா வேலைக்கும் தேதி இருந்தது. அதற்கு மட்டும் இல்லை.

மழை விட்ட காலையில், பக்கத்து வயல் செல்வராசு மாமா வந்தார்.

"என்ன மச்சான், வெதநெல்லு கனவு மெதக்குதா, முழுகிருச்சா?"

அவர் வயலும் அப்படித்தான் கிடந்தது. சிரிக்க அவருக்கும் முகமில்லை. இருவரும் அரிவாளோடு வடிகாலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். அறுத்துத் தள்ளியதை உங்கள் அம்மா கரையில் நின்று இழுத்துப் போட்டாள். நான் மூச்சு வாங்க நின்றபோது மெதுவாகக் கேட்டாள்.

"தெனம் வயலுக்குத்தானே வந்தீங்க? இந்தப் பக்கம் ஒரு நாளு திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

மறுபடி குனிந்து அறுக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் தண்ணீர் நகர ஆரம்பித்தது. மேட்டுப் பக்கம் தப்பியது. பள்ளத்துப் பயிர் அழுகிவிட்டது. விதைநெல் நம் வீட்டுக்குத் தேறும், ஊருக்குத் தேறாது.

கனவு காணச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். டைம்டேபிள் போட ஆப் இருக்கிறது. பத்தாவதோடு நின்ற அப்பா சொல்ல வேறென்ன இருக்கிறது? தினமும் உழைக்கிறோம் என்பதாலேயே எல்லா வேலையும் நடந்துவிடாது. அவசர வேலை சத்தம் போட்டுக் கூப்பிடும். கனவைக் காப்பாற்றுகிற வேலை கூப்பிடாது. அதற்கு நீங்களாகத்தான் ஒரு கிழமையைக் கொடுக்க வேண்டும். 'அப்புறம்' என்று ஒரு கிழமை எந்தக் காலண்டரிலும் இல்லை.

கயல், ராப்பகலாகப் படிக்கிறாய். கண் வலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று ஆவணியில் சொன்னாயே? முகில், நீ தினமும் கணக்குப் போடுகிறாய், சரி — தெரிந்த கணக்கையே போட்டால்?

இந்த இடம் வரை எழுதிவிட்டுத் தனியாக வடிகால் பக்கம் போனேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வெங்காயத்தாமரை, புதிதாக. உள்ளங்கை அளவு இலை.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். வேரோடு எடுத்துக் கரையில் போட்டேன்.