சொல்லாமல் கலைந்த வகுப்பு

அக்கா இல்லை. ஓராண்டு ஆகிவிட்டது.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வது நம் வழக்கமல்ல என்று எனக்கும் தெரியும். பிறந்த ஊரில் தொடங்கி, பெற்றோரைச் சொல்லி, மெல்லத்தான் துக்கத்துக்கு வர வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர் சொல்ல வந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அக்கா தம் மாணவர்களிடம் மன்றாடுவார். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. அக்காவுக்காக எழுதும் இதையாவது அக்கா சொன்னபடி தொடங்கலாம் என்று தோன்றியது. இனி நம் முறைக்கு வருகிறேன்.

அக்கா பிறந்தது நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவார்கள். எனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, கன்னத்தில் ஒன்று வைத்துப் பள்ளிக்கு இழுத்துப் போனதெல்லாம் அக்காதான். அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மேல் வகுப்புக்குப் போர்ட் பிளேர் விடுதிக்கு அனுப்பினார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த அக்காவுக்கு அங்கே எல்லாமே இந்தி. ஆசிரியர் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், "சமஜ் மே ஆயா?" என்று கேட்பாராம். புரிந்ததா என்று பொருள். பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் என்று "ஹா ஜி" சொல்வார்களாம். அக்காவும் "ஹா ஜி" என்பார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அந்த ஒரு வருடம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து அழுததாக, பெரியவரான பிறகு ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கப்பலேறி மெயின்லேண்ட் போய், உதவித்தொகையில் ஆங்கிலம் படித்து முடித்து, சென்னைக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை. இதைக் கேட்ட பெரியப்பா, "அவங்க கடல் தாண்டி வந்து நம்ம புள்ளகிட்ட இங்கிலீஷ் படிக்கிறாங்களா? இங்கிலீஷ் எப்படா நம்ம தோட்டத்துல விளைஞ்சுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

உறவினர்கள் பலருக்கும் அக்கா என்ன செய்தார் என்பது கடைசிவரை புரியவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் பேச வரும். ஆனால் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதவும், வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்கவும், ஆய்வுக் கட்டுரையில் பிறர் கருத்தையும் தன் கருத்தையும் பிரித்து எழுதவும் தெரியாது. அதோடு ஒரு நாட்டு மரியாதை இன்னொரு நாட்டில் அவமரியாதையாகிவிடும். ஆசிரியரின் கண்ணைப் பார்க்காமல் நிற்பது வியட்நாம் பெண்ணுக்குப் பணிவு. பேராசிரியரோ, "இந்தப் பொண்ணு ஏதோ மறைக்குது" என்று புகார் சொல்வார். அக்கா இரண்டு பக்கமும் போய்ப் பேசி, இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைப்பார்.

தம் வகுப்பில் "புரிந்ததா?" என்று அக்கா கேட்டதே இல்லை. "எங்கே புரியவில்லை?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். சில நாட்டுப் பிள்ளைகள் யோசித்து, வார்த்தையைக் கோத்து, பிறகுதான் வாய் திறப்பார்களாம். அதற்குள் ஆசிரியர் அவசரப்பட்டுப் பேசிவிட்டால், அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்க ஊமைதான் என்பார். விடுதியில் தாம் பட்ட பாட்டை வேறு பிள்ளை படக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து, சிகிச்சைக்காகச் சென்னையில் அக்காவின் வாடகை வீட்டில் வைத்திருந்தோம். அங்கேயே காலமானார். கோத்தகிரியிலிருந்து பெரியம்மா குடும்பத்தார் வந்திருந்தார்கள். அக்காவின் மாணவர்களும் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் தான்சானியாவைச் சேர்ந்த ஜுமா என்பவர் நல்ல உயரம், நல்ல குரல். அழுகிற பெண்களுக்கு நடுவில் வெகுநேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது எழுந்து, அம்மாவுக்கு நேராகக் கை கூப்பி, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "போயிட்டு வரேம்மா" என்றார்.

அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "என்னடி இது அநியாயம். எழவு வீட்டுல வந்து, திரும்ப வரேங்குறான்?"

ஜுமாவுக்கு ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. கூப்பிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார். 'போறேன்' என்று மட்டும் சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் தமிழ் வீட்டு மரியாதை என்று அவருக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

"பெரியம்மா, அந்தத் தம்பி மேல தப்பில்ல. நான்தான் பாதிப் பாடத்த நடத்திட்டு விட்டுட்டேன்," என்று சொல்லி எழுந்துபோய் ஜுமாவின் கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் உடைந்து அழுதார். அம்மா மட்டும் ஜுமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் மீதிப் பாடத்தை எந்த வகுப்புக்கும் அக்கா விட்டுவைக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் எப்படி நுழைவது, என்ன சொல்வது, எப்படிப் புறப்படுவது என்று ஒவ்வொரு மாணவரையும் தம் நாட்டு வழக்கத்தைச் சொல்லச் சொல்வார். கடைசியில் நம் வழக்கத்தைச் சொல்வார். வா என்று அழைக்க மாட்டார்கள், வந்து உட்காருங்கள். பேச வேண்டாம், உடன் இருப்பதுதான் பேச்சு. புறப்படும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடுங்கள்.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் அக்கா போர்ட் பிளேருக்கே வந்துவிட்டார். மின்னி பே பகுதியில் வீடு எடுத்து, வகுப்புகளைக் கணினி வழியே நடத்தினார். மழை வலுத்தால் நெட் படுத்துவிடும். எத்தனை முறை அறுந்தாலும் மாணவர்கள் காத்திருந்து திரும்பச் சேர்ந்துகொள்வார்கள். ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள்கூட அவ்வப்போது வந்து உட்காருவார்கள். கேள்வி கேட்டுவிட்டு அக்கா மௌனமாக இருக்கும்போதெல்லாம், அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "நெட் போயிருச்சா?" என்பார். "இல்லம்மா, யோசிக்கிறாங்க" என்பார் அக்கா. இது தினமும் நடக்கும்.

அக்காவின் நோய் தெரியவந்தபோது முற்றியிருந்தது. மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இந்தியில் நிறையச் சொல்லிவிட்டு, "சமஜ் கயே?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் முழங்கையை இடித்தார். "மண்டைய மண்டைய ஆட்டாத. எங்க புரியலன்னு கேளுடா." கேட்டேன். மருத்துவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

கட்டிலில் சாய்ந்தபடியே அந்தப் பருவத்து வகுப்பை முடித்துக்கொடுத்தார். மாணவர்களிடம் தம் நிலையை மறைக்கவில்லை. மதிப்பெண்களை அனுப்பிய வாரத்தில், பகல் வெளிச்சத்தில், அம்மாவின் மடியில் அக்காவின் உயிர் பிரிந்தது.

துக்கத்துக்கு வந்த ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "கல்யாணமும் கட்டல, புள்ளகுட்டியும் இல்ல. ஊரான் புள்ளைங்களுக்கே பாடுபட்டுச்சு. அதுங்கள்ல ஒண்ணு வந்து எட்டிப் பார்த்துச்சா?" என்று அங்கலாய்த்தார். அந்தச் சொல் அம்மாவைக் குத்திவிட்டது. "ஜுமாவுக்குச் சொன்னியா தம்பி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். செய்தி அனுப்பியிருந்தேன். பதிலே வரவில்லை. கருமாதியன்று பிற்பகலில் அக்காவின் கணினியைத் திறந்து வைப்பதாக மாணவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா, அந்தப் பிள்ளை யாருக்காக உழைத்ததோ அவர்கள் வருவார்களா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உண்ணாமல் கிடந்தார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு வங்காளி தீதிக்கு எங்கள் வணக்கம். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரி பிடித்து வந்து அம்மாவுக்குத் துணையிருந்த சித்திக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு என்னோடு அலைந்த டாலிகஞ்ச் வியாபாரிகளுக்கும், கச்சாலிலிருந்து கப்பலில் வந்த சொந்தங்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இன்னும் சிலருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கருமாதியன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சடங்கு முடிந்து, அக்காவின் மேசை முன் அம்மாவை உட்காரவைத்துக் கணினியைத் திறந்தேன். திரையில் ஒரு முகம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரை கொள்ளாமல் முகங்கள். சிலர் வெள்ளை உடுத்தியிருந்தார்கள், சிலர் கறுப்பு. ஜுமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். "நெட் போயிருச்சா?"

"இல்லம்மா," என்றேன். அவர்கள் பதில் எழுதாமல் இருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. மீதிப் பாடத்தை ஒரு சொல் தவறாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் அப்படியே இருந்தோம். அம்மா அழுதார். அங்கே அவர்களும் அழுதார்கள். பிறகு ஒவ்வொரு முகமாக, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரையிலிருந்து மறையத் தொடங்கியது. கடைசியாக ஜுமா எழுந்தார். கை கூப்பினார். உதடு அசைந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். அவர் கை திரையை அணைக்க நீண்டது.

வழக்கமெல்லாம் தெரிந்த அம்மா, துக்கம் நடந்த வீட்டில், சடங்கு முடிந்த அன்றே, திரையைத் தொட்டு, வாய்விட்டுச் சொன்னார்.

"போயிட்டு வாங்கய்யா. எல்லாரும் போயிட்டு வாங்க."