கீழ் ஜன்னல்

கல்யாணமான புதிதில், பர்மா பஜாரில் வாங்கிய பழைய கையடக்க கேம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஒரே விளையாட்டுதான். ஒரு குட்டி ஆளை நடத்தி வயல் போட வேண்டும், மாடு வளர்க்க வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. நான் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய்விட்டால், மீஞ்சூரில் ஒருவரையும் தெரியாத என் மனைவிக்கு அந்த வயல்தான் துணை. படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள். ஆரம்பத் திரையில் இரண்டு வரிகள். இரண்டுக்கும் முதலெழுத்து ஜன்னல் மாதிரி இருக்கும். மேல் ஜன்னலை அழுத்தினால் விட்ட இடத்தில் வயல் திறக்கும். கீழ் ஜன்னலில் கைவைத்துத்தான் அவள் தன் முதல் வயலையே தொலைத்திருந்தாள்.

“கீழ் ஜன்னல மட்டும் தொட்டுடாத. எல்லாம் பூடும்” என்பாள்.

ஒருநாள் அந்த கேமின் திரை செத்துப்போனது. உள்ளே செருகும் கேசட்டை அவள் கடுகு டப்பாவில் போட்டு வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து, கூட வேலை செய்தவர் இரட்டைத் திரை வைத்த புது கேம் ஒன்றை விற்பதாகச் சொன்னார். பழைய கேசட்டும் அதன் அடிப்பக்கத்தில் பொருந்துமாம். வீட்டில் சொல்லாமல் கேசட்டை எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்தேன். ஓடியது. அங்கேயே வாங்கிவிட்டேன்.

வீடு வரைக்கும் பொறுத்திருக்கலாம். எனக்கு ஏது பொறுமை? ரயிலில் நின்றபடியே போட்டேன். பொன்னேரியில் வண்டி குலுங்கியது, கட்டைவிரல் தவறிக் கீழ் ஜன்னல் அழுந்திவிட்டது. திரையில் ஏதோ கேள்வி, அதற்கு இரண்டு பதில்கள். எது ஆமாம், எது வேண்டாம்? நடுவில் அணைத்தால் அழிந்துவிடுமோ என்று அதற்கும் பயம். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பேட்டரி விளக்கு சிவப்பானது. நிறை சொம்பை ஏந்துவதுபோல அதை ஏந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவள் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. வாங்கி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். கேள்வி மறைந்தது.

“திரும்பிப் போற பட்டன் கீதே, அது தெரியாதா ஒனக்கு? போனா இன்னா, வேற வயல் போட்டுக்கினு போறேன்” என்றாள்.

மேல் ஜன்னலைத் திறந்தாள். வயல் அப்படியே இருந்தது. “மாடு கீது!” என்று கத்தினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் விளையாடவில்லை. தொழுவத்துப் பக்கம் நின்ற அந்தக் குட்டி ஆளை வீட்டுக்குள் நடத்திப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள்.

“ரெண்டு வருசமா நின்னுகினே கீறான், பாவம். கால் வலிக்காது?”

அப்புறம்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

“நீ இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள வந்து குந்து.”