தொப்பூர் வழியாகப் போகாதவன்

காலை 6.20. கோயம்புத்தூர்.

இங்கிருந்து அதியமான்கோட்டைக்குப் போக எளிய வழி பஸ்தான். சேலத்தில் ஒரு முறை பஸ் மாற வேண்டும். தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சிறிது நேரத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடமாக நான் அப்படிப் போனதில்லை. ரயிலில் மொரப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் தருமபுரி, பிறகு டவுன் பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் மோதிக்கொள்வதைப் பேப்பரில் படிப்பவர்களுக்கு இது விவேகமாகத் தோன்றலாம். எனக்கு அவ்வளவு விவேகம் கிடையாது. அந்த வழியாக வரக்கூடாது என்று தங்கை ஸ்டெல்லா சத்தியம் வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பொதுப் பெட்டிக்கு எண்பத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்க மனம் வரவில்லை. போன வாரம் சேலத்து டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காலை 10.50. மொரப்பூர்.

பிளாட்பாரத்தின் சிமெண்ட் பெஞ்சைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு இதே இடம். அன்று அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்துநான்கு. நர்ஸ் படிப்புக்கு நேர்முகம் என்று சேலத்துக்குக் கிளம்பியிருந்தோம். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதற்குள், கையில் சின்னக் கோலுடன் குறி சொல்லும் அம்மா ஒருத்தியிடம் இவள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். குறி கேட்பது பாவம். போதாததற்கு வண்டியும் வந்துவிட்டது. "ஆனா..." என்று அந்த அம்மா இழுத்தது மட்டும் என் காதில் விழுந்தது. நான் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

என்ன சொன்னாள் என்று ரயிலில் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். அந்த வாரமே சத்தியம் வாங்கினாள். அதோடு மாலை ஆறு மணி போனும் தொடங்கியது. முதலில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, பிற்பாடு செல்போனில். "எங்க இருக்க? வூட்டுக்கு வந்துட்டியா?" இரண்டே கேள்விதான். லேத் பட்டறையில் எனக்கு வேலை மும்முரமாக இருக்கும் நேரம் அது. எத்தனையோ நாள் எரிச்சலில் எடுக்காமல் விட்டிருக்கிறேன். குறிக்காரி இவளுக்கு ஏதோ கெடுதல் சொல்லிவிட்டாள், பயந்து சாகிறாள் என்று உறவுக்காரர்களிடம் கேலியும் பேசியிருக்கிறேன்.

காலை 11.20. தருமபுரி பஸ்.

இருபத்தேழு ரூபாய் டிக்கெட். நான் வந்த வழியையும் போகும் ஊரையும் விசாரித்த கண்டக்டர் சிரித்தார்.

"அதியமான்கோட்டைக்கா? சேலத்துலேர்ந்து பஸ்ஸுல வந்திருந்தா நேரா எறங்கியிருக்கலாமேங்க."

"தங்கச்சி வேணாங்குதுங்க."

"அவுங்க சொன்னா செரிதாங்க" என்று சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மதியம் 1.00. அதியமான்கோட்டை.

வாசலில் அவள் கணவர் ஆரோக்கியம் நின்றிருந்தார். "வாங்க மச்சான். ரெண்டு நாளா கஞ்சிகூட எறங்கலீங்க" என்றார். இளநீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அழுவதற்குத்தான் போகிறார் என்று தெரிந்தது.

கட்டிலில் ஸ்டெல்லா பாதியாக இருந்தாள். கண்ணைத் திறந்ததும் கேட்டது, "ரயில்லதான வந்த?"

இனி எப்போது கேட்பது என்று கேட்டுவிட்டேன். "அன்னிக்கி மொரப்பூருல அந்தம்மா உனக்கு என்னதான் சொல்லுச்சு?"

"எனக்கா? எனக்கெல்லாம் நல்லதாத்தான் சொல்லுச்சு. வூடு, வாசலு, புள்ளைங்க எல்லாம் அமையும்னுச்சு. அப்புறம், கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், உன்னத் தாங்குவான், ஆனா ரோட்டுலன்னு ஆரம்பிச்சுது. அதுக்குள்ளதான் நீ வந்து இழுத்துட்டியே. ரோட்டுலன்னா எனக்குத் தொப்பூருதான் நெனப்புக்கு வந்துச்சு."

முப்பத்தொரு வருடமும் அவள் பயந்தது எனக்காக.

"குறி கேட்டத சர்ச்சு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேண்ணே. செபமாலையில அம்பத்து மூணு மணி செபம் சொல்லச் சொன்னாரு. பாவம் போயிருச்சு, பயம் போவல. அதான் மாதாகிட்ட நேந்துகிட்டேன். உனக்கு வர்றது எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும்னு." மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைத் தடவினாள். "கேட்டுட்டாங்க பாரு. இன்னிக்கி தொப்பூரு வழியாவே போ. இனிமே உனக்கு ஒன்னும் ஆவாது."

இது நோய், நேர்த்திக்கடன் இல்லை என்று சொல்ல நினைத்தேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன்.

மாலை 4.10. நெடுஞ்சாலை நிறுத்தம்.

சேலம் பஸ் வந்து நின்றது. "ஏறுங்க, எடம் இருக்குது" என்றார் கண்டக்டர். படியில் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். குறியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் பஸ்ஸில் ஏறினால், அவள் உயிரை வாங்கிக்கொண்டு என் உயிரை வைத்துக்கொள்ளச் சம்மதித்ததாக ஆகிவிடும். சாலையைக் கடந்து, தருமபுரி போகும் டவுன் பஸ்ஸுக்காக நின்றேன்.

மாலை 6.00. மொரப்பூர்.

அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"சேலம் தாண்டிட்டேன்."

"தொப்பூருல ஒன்னும் ஆவலயே?"

"ஒன்னும் ஆவல. நல்லா உக்காந்துதான் வந்தேன்."

"நான்தான் சொன்னேன்ல" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதியது. போனை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாட்டியும் பஸ்ஸுலயே வாண்ணே."