வேப்பமரத்தில் பட்டைப்பேன்

ஒரு பூச்சியை யாராவது தப்பான குடும்பத்தில் சேர்த்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. சிலந்தியைப் பூச்சி என்று சொல்லிவிட்டால் அன்று சோறு இறங்காது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையத்தில் உயிரியல் கற்பிக்கிறேன், வீடு கிள்ளானில். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவள் என்பார் என் கணவர். சரியாகத்தான் சொல்கிறார்.

எங்கள் தாமான் குடியிருப்பின் மூலைவீட்டில் ஓர் ஆன்டி தனியாக இருக்கிறார். அவர் வேலியை ஒட்டிச் சாலையோரமாக நிற்கும் வேப்பமரம், காலமான அவருடைய கணவர் நட்டது. தினமும் காலையில் அதோடு பேசிக்கொண்டேதான் ஆன்டி வாசல் கூட்டுவார். எங்களில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் வேப்பிலைக்கு அங்கேதான் ஓடுவோம்.

போன வருடம் ஒருநாள் பார்த்தால் அடிமரம் முழுக்க வெள்ளை வலை, கொசுவலையை இழுத்துச் சுற்றியதுபோல. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்தார், பார்த்தார், "கரையான்லா இது! இன்னிக்கு மரம், நாளைக்கு நம்ம வீட்டு அலமாரி," என்று தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை மரத்தை வெட்ட ஆளும் பேசிவிட்டார். ஆன்டியின் முகம் வெளிறிப்போனது.

கரையானா! நான் லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். வலைக்குள் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு கூட்டமே மேய்ந்துகொண்டிருந்தது. உருண்டைத் தலை, புடைத்த முகம், நூல்போல நீண்ட உணர்கொம்பு, இறக்கையில் மெல்லிய முடிகள். சில பெண்பூச்சிகளுக்கு இறக்கை பாதிதான் வளர்ந்திருந்தது. வாயிலிருந்து பட்டு நூற்று, பெரியதும் சிறியதும் ஒரே கூரைக்குள் கூடி வாழும் பட்டைப்பேன் குடும்பம். பட்டையில் படியும் பூஞ்சையையும் பாசியையும்தான் தின்னும். மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று மாலையே சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விட்டேனா? "முன்ன இதுங்கள தனி வரிசையில வெச்சிருந்தாங்க. இப்ப தலைப்பேனையும் இதையும் ஒரே வரிசையில சேத்துட்டாங்க," என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்தார். அடுத்தவர் சொறிந்தார். கூட்டமே சொறிய ஆரம்பித்தது.

"ஐயோ, பிள்ளைங்கல்லாம் அங்கதான் விளையாடுதுங்க!"

"தலையில ஏறாது அக்கா, இது வேற குடும்பம்," என்று கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? கரையானுக்குப் பயந்து வெட்ட இருந்த மரத்தை இப்போது பேனுக்குப் பயந்து வெட்டப் போகிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது ஆன்டியின் மரம். அன்றிரவு நான் அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை காலை லோரி வந்தது. மரத்தில் புது மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் குங்குமம், எலுமிச்சை, கற்பூரம். பக்கத்தில் ஆன்டி, தலை குளித்து, கைகூப்பி.

"அம்மா வந்திருக்கா. பட்டு உடுத்தி வந்திருக்கா."

மரம் வெட்ட வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தலைவர் மட்டும் விடவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"டீச்சர், நீங்கதானே அன்னிக்குப் பேன்னு சொன்னீங்க? எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. பேனா, சாமியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆன்டி மட்டும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சாமிதான், அங்கிள்," என்றேன்.

லோரி திரும்பிப் போனது. தலைவரும் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் கலைந்த பிறகு ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் பொய் சொல்ல வராதேன்னு பயந்துட்டேன்மா."

"ஆன்டி, அது..."

"பூச்சிதான். துணி கட்டுறப்பவே பாத்தேன். பாவம், குஞ்சுகுளுவானோட இருக்குதுங்க. நசுக்காம கட்டத்தான் ரொம்ப நேரமாச்சு."