வராதவர்களுக்கும் ஒரு கிண்ணம்

செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் கறுப்புத் திராட்சை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் கிறிஸ்தவச் சபையில் திருவிருந்து; ரசம் காய்ச்சத்தான் இந்தத் திராட்சை. ரூபி அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எனக்கு உத்தரவு போட்டிருந்தார். "காம்பு பச்சையா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க தம்பி. கடைக்காரர் அள்ளிப் போட்டாருன்னா விடாதீங்க, நீங்களே பொறுக்குங்க." அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் தங்கை மகள் ஷீலா அழைத்தாள். "அங்கிள், பெரியம்மா போயிட்டாங்க. இப்பதான். தூக்கத்துலயே."

பழக்கடைக்காரர் பையை நீட்டிக்கொண்டே, "அக்கா வரலையா? ரெண்டு மாசமா ஆளையே காணோம்லா" என்றார். காசைக் கொடுத்தேன். திராட்சையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி அக்காவின் தையல் கடை முன்னால் போய் நின்றேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ சேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பை கனத்தது. சிறிது நேரம் கழித்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஜாலான் புசார் பக்கம் இருக்கும் எங்கள் சிறிய தமிழ்ச் சபையை அறிந்தவர்களுக்கு ரூபி அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரவிக்கை தைப்பது அவர் தொழில். திருமணம் செய்துகொள்ளவில்லை. குட்டையான உருவம், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் சில நேரம் அதைக் கழற்ற மறந்து வந்துவிடுவார். சபையில் திருவிருந்து ஆயத்தம் அவர் பொறுப்பு. நான் சபைச் செயலாளர். அவரைவிட எட்டு வயது இளையவன் என்பதால் நான் எப்போதும் 'தம்பி', என்மேல் கோபம் வந்தால் 'செயலாளர் தம்பி'. செயலாளர் தம்பியாகத்தான் நான் அதிக நாள் இருந்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சாந்த சொரூபியாக எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார்.

வெள்ளிக்கிழமை வேதாகம ஆராய்ச்சிக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரே வழக்கு. மெய்யாக விசுவாசித்து இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை ஒருநாளும் இழக்க மாட்டான் என்பது என் கட்சி. இல்லை, கடைசி வரை பற்றிக்கொண்டிருக்க வேண்டும், விட்டு விலகினால் இழந்துபோகலாம் என்பது அக்காவின் கட்சி. மேய்ப்பனின் கையிலிருந்து ஆட்டை யாரும் பறிக்க முடியாது என்று நான் ஆரம்பிப்பேன்.

"யாரும் பறிக்க முடியாதுதான். ஆடே குதிச்சு ஓடிடுச்சுன்னா?" என்பார் அக்கா.

"ஓடிப்போறது முதல்லயே ஆடா இருந்திருக்காதுக்கா."

"பின்ன என்ன, பூனையா?"

போதகர் சிரித்துவிடுவார். தேநீர் ஆறிப்போகும். சபையில் பாதிப்பேர் எங்கள் சண்டையைக் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமை வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஒரு தீபாவளி முடிந்த வாரம் அவர் கடைக்குப் போயிருந்தேன். கம்பியில் வரிசையாக ரவிக்கைகள் தொங்கின. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களுடையவை. அக்கா ஒரு சீட்டைப் பார்த்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தேவைன்னா அவங்களே வருவாங்க, நீங்க ஏன் இந்த பாடுபடறீங்க?" என்று கேட்டேன். அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதுதான் தம்பி நம்ம வழக்கு. தைச்சாச்சு. அவங்க அளவுக்குத் தைச்சது, வேற யாருக்கும் குடுக்க முடியாது. ஆனா வந்து வாங்கிக்கலன்னா அவங்களால உடுத்த முடியுமா?" நான் ஏதோ மறுமொழி சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை, அவ்வளவு வலுவான பதில் அது.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் திருவிருந்துக்கு விரல் நீளம்கூட இல்லாத சின்னக் கிண்ணங்களில்தான் திராட்சரசம் தருவோம். கிண்ணங்கள் தட்டில் வரிசையாக வரும், ஆளுக்கொன்று எடுத்துக் கையில் வைத்திருந்து, எல்லாருக்கும் கிடைத்த பிறகு ஒன்றாக அருந்துவோம். அக்கா சனிக்கிழமை திராட்சையைக் காய்ச்சி வடிகட்டுவார். ஞாயிறு காலை அங்கத்தினர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாசித்து ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றுவார். பட்டியலில் எண்பத்தாறு பெயர். வருவது ஐம்பது, மிஞ்சினால் ஐம்பத்தைந்து. முப்பது கிண்ணங்கள் நிரம்பியபடியே மீந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அக்கா அந்த மீதிக் கிண்ணங்களின் பக்கத்தில் நின்று, ரவிக்கை அளவு எழுதும் சீட்டில் யார் யார் வரவில்லை என்று குறிப்பார். பிறகு பின்வாசல் செடிகளின் அடியில் ரசத்தை ஊற்றிவிடுவார். எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. வருகைப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அறுபது போதும் என்று செயலாளர் தோரணையில் சொல்லிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் ஐந்து கிண்ணம் மீதி இருக்க வேண்டும். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் அறுபதுதான் ஊற்றினார்.

அந்த மாதம் பார்த்து, வேறு சபையிலிருந்து விருந்தாளிகள் பத்துப் பேர் வந்தார்கள். தட்டு கடைசி வரிசைக்குப் போனபோது காலியாக இருந்தது. அங்கே ஓரத்தில் தங்கராஜ் உட்கார்ந்திருந்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். மனைவி இறந்த பிறகு குடியில் விழுந்து, ஏழு வருடம் சபைப் பக்கமே தலைகாட்டாதவர். அன்றைக்கு, யாருக்கும் சொல்லாமல், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். காலித் தட்டைப் பார்த்தவர், தமக்கு இது வேண்டியதுதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியில் நடந்து போய், தம் கையிலிருந்த கிண்ணத்தை அவர் கையில் வைத்து அவரை உட்கார வைத்தார். தாமும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த மாதம் அக்கா திருவிருந்து எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து சமையலறையில் என்னைப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை. "செயலாளர் தம்பி, என் கட்சிப்படி பாத்தா தங்கராஜ் தொலைஞ்சு போனவன். உங்க கட்சிப்படி அவன் ரட்சிப்பு ஒருநாளும் போகல. அப்போ அவனுக்கு ஏன் கப் இல்ல?"

அவர் அதோடு விடவில்லை. "ஜோயலுக்கும் இன்னிக்கு கப் இல்ல" என்றார்.

ஜோயல் என் ஒரே மகன். பதினான்கு வயதில் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லி ஞானஸ்நானம் எடுத்தவன். இருபத்திரண்டு வயதில், தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். பிறகு புக்கிட் பாத்தோக்கில் அறை எடுத்துத் தனியாகப் போனான். நான் அவனிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாராவது விசாரித்தால், அவன் கர்த்தருடைய பிள்ளை, எங்கேயும் போய்விட மாட்டான் என்று என் கொள்கையை எடுத்து நீட்டுவேன். அவனும் நானும் பண்டிகைக்குப் பண்டிகை பார்ப்போம். பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் லிஃப்ட் பழுதாவதைப் பற்றிப் பேசுவோம், சாப்பிடுவோம், அவன் கிளம்பிவிடுவான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் கோபம், சபையில் முகம் காட்ட வெட்கம். இரண்டையும் மூடி வைக்க அந்தக் கொள்கை வசதியாக இருந்தது. அக்கா மாதாமாதம் அவன் பெயரை வாசித்து ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த மாதம் மறுபடியும் எண்பத்தாறு கிண்ணம் வைத்தோம். நான் மறுக்கவில்லை.

இந்த வருடம் அக்காவுக்குக் குடலில் நோய் என்று தெரிந்தபோது அது முற்றிவிட்டிருந்தது. ஒருநாள் மாலை அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே ஜோயல் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனான்.

"ஆன்ட்டி மாசாமாசம் எனக்கு போன் பண்ணுவாங்கப்பா. பன்னண்டு வருஷமா."

"என்ன சொல்லுவாங்க? சர்ச்சுக்கு வரச் சொல்லுவாங்களா?"

"ஒரு தடவைகூட கூப்பிட்டதில்லை. 'உன் கப் மீதி இருக்குப்பா'ன்னு சொல்வாங்க. அப்புறம் என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க, வேலை எப்படின்னு கேப்பாங்க. அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் கொஞ்சம் எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் முதல் ஞாயித்துக்கிழமைன்னா போனைப் பக்கத்துலயே வச்சிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க ஏன்பா எதுவுமே கேட்கல?" என்றான்.

"நீ பத்திரமா இருக்கேன்னு நம்பினேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சப்பையாக ஒலித்தது என்று எனக்கே கேட்டது. அவன் என் தோளைத் தட்டிவிட்டு லிஃப்டுக்குப் போனான்.

என் மகன் தொலைந்துபோகக் கூடும் என்று பயந்த அக்கா பன்னிரண்டு வருடம் அவனைத் தேடினார். தொலையமாட்டான் என்று உறுதியாக நம்பிய நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

அவருடைய கடைசி வாரத்தில் நான் மட்டும் பக்கத்தில் இருந்த ஒரு பிற்பகல். மருந்து மயக்கத்திலிருந்து விழித்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதற்கும் பயப்படாத அந்தக் கண்களில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, ஜெபம் வரமாட்டேங்குது. ஆரம்பிக்கிறேன், பாதியில விட்டுப்போகுது. கடைசி வரைக்கும் பிடிச்சுக்கணும்னு நான்தானே வாய் கிழியப் பேசினேன்? இப்போ கையில பலமே இல்லையே. விட்டுட்டேன்னா?"

இருபத்தெட்டு வருட வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். எனக்கோ அழுகைதான் வந்தது. மேய்ப்பன் வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அது என் வாதம், அவர் இதற்கு முன்பு ஆயிரம் தடவை மடக்கியது. அதனால் வேறு சொன்னேன்.

"அக்கா, தங்கராஜ் ஏழு வருஷம் வரல. உங்களை ஒரு நாளாவது நினைச்சிருப்பாரா?"

"குடிக்கிறவன் எங்க நினைப்பான்."

"அப்பவும் நீங்க மாசம் தவறாம ஊத்தி வச்சீங்க. வராதவங்களுக்கே ஒரு தையக்காரம்மா அவ்வளவு செஞ்சா, வரணும்னு தவிக்கிற உங்களுக்கு அங்க ஊத்தி வைக்க ஆள் இல்லாமப் போயிருமாக்கா?"

என் மணிக்கட்டில் அக்காவின் பிடி மெல்லத் தளர்ந்தது. பிறகு உதட்டோரத்தில் அந்தப் பழைய குறும்பு வந்தது. "இது உங்க கட்சியா, என் கட்சியா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. வெள்ளிக்கிழமை சொல்லிடாதீங்க, ஆளுங்க வரமாட்டாங்க" என்றார். அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது திராட்சைக் காம்பைப் பற்றிய உத்தரவு.

அவர் போன அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நானே திராட்சையைக் காய்ச்சினேன். சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது, அக்கா இருந்தால் முகம் சுளித்திருப்பார். ஞாயிறு காலை பட்டியலை விரித்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்து ஊற்றினேன். அவர் பெயர் வந்தபோது கை நின்றது. ஊற்றவில்லை. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்கு ஊற்றியாகிவிட்டது என்று முழு மனதோடு நம்புகிறேன். எண்பத்தைந்து கிண்ணங்கள் வைத்தேன். அன்று முப்பத்தொன்று மீந்தது. தங்கராஜ்தான் என்னோடு நின்று பெயர்களைக் குறித்தார்.

அக்காவுக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று ஷீலா கேட்டாள். கிழிக்காமல் மீதியிருந்த அளவுச் சீட்டுக் கட்டை வாங்கிக்கொண்டேன். எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. என் கட்சியை நான் விட்டுக்கொடுக்கப் போவதும் இல்லை. ஆனால் இனி அதை நம்பிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கமாட்டேன், அக்காவைப் போல எழுந்து போவேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். இதற்காகக் கடவுளுக்கும் ரூபி அக்காவுக்கும் நன்றி.

அந்த ஞாயிறு மதியம், தங்கராஜ் குறித்த சீட்டில் இருந்த முதல் பெயருக்கு அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தான்.

"ஜோயல், உன் கப் மீதி இருக்குப்பா" என்றேன்.

நான் அடுத்ததாக என்ன கேட்க வேண்டும் என்பதை அக்கா சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"இன்னும் சாப்பிடலப்பா" என்றான். குரல் உடைந்திருந்தது. "போன் வருமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."